அத்தையின் கும்மிப் பாட்டை நான் ஊருக்குக் கொடுத்த கதை

நடந்தது இதுதான், வரிசையாக:

1. போத்தனூரில் இருக்கும் என் அத்தை, தான் பாடிய பத்துக் கும்மிப் பாட்டுகளைச் சி.டி.யாகப் போட்டார்.
2. விளம்பரத்துக்காக ஒரே ஒரு பாட்டை இணையத்தில் போடும்படி, கணினிப் பொறியியல் படித்துக்கொண்டிருந்த என்னிடம் சொன்னார்.
3. நான் பத்தையும் போட்டேன். (ஒன்றை மட்டும் போட்டால் பட்டியல் அரைகுறையாகத் தெரிந்தது.)
4. மூவாயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். அத்தனை பேரும் சி.டி. வாங்க வருவார்கள் என்று வரைபடம் போட்டு அத்தையிடம் காட்டினேன். எத்தனை பாட்டை இறக்கினார்கள் என்பதை மட்டும் வரைபடம் சொல்லவில்லை.
5. அதை நம்பி, அத்தை இன்னும் ஆயிரம் சி.டி. அடித்தார்.

படிக்காத முட்டாளால் இவ்வளவு சேதம் செய்ய முடியாது. அந்த முட்டாளுக்கு வரைபடம் போடத் தெரியாது.

வெள்ளகோவில் பக்கம் ஒரு கும்மி அரங்கேற்றம். அங்கே மேசை போட்டு விற்பதாகத் திட்டம். பெட்டிகளோடு வாடகைக் காரை விட்டு இறங்கும்போதே ஒலிபெருக்கியில் அத்தையின் குரல்!

"நம்ம பாட்டு கண்ணு!" என்று பூரித்துப்போய் மைக் செட்காரரிடம் ஓடினார் அத்தை. "ஏனுங்க, சி.டி. எங்கீங்க வாங்குனீங்க?"

"சி.டி.ங்களா? அதையெல்லாம் இப்ப ஆருங்க வாங்கறாங்க?" அவர் பென் டிரைவைத் தொட்டுக் காட்டினார். "நெட்டுல ஒரு புண்ணியவதி பத்தையும் போட்டு உட்டிருக்குதுங்க. ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டு, வரியெல்லாம் அடிச்சு, எத்தனை நிமிசம்னு வேற எழுதி... அந்தப் புள்ள நல்லா இருக்கோணுமுங்க!"

அத்தை மெதுவாக என் பக்கம் திரும்பினார். எங்கள் குடும்பத்தில் மளிகைச் சீட்டுக்கும் அடிக்குறிப்பு எழுதுகிறவள் நான் ஒருத்திதான்.

"நம்பர் போட்டிருக்குதாமா, அம்மணி?"

"தேடறதுக்கு வசதியா இருக்கும்னுதானுங்க அத்தை..."

"செஞ்சுபோட்டயே!"

அன்று விற்றது மூன்று. (மூன்றையும் வாங்கியவர் எங்கள் கார் ஓட்டுநர். அத்தையின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தாங்கவில்லை.)

அதற்குள் கும்மிப் பெண்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "பாடுனது நீங்களாங்கக்கா? ஒரு மாசமா உங்க பாட்டுக்குத்தானுங்க பழகறோம். நேர்ல பாடுங்கக்கா!" என்று மேடைக்கு இழுத்துப் போனார்கள். அத்தை வாயெடுத்ததும் மைதானமே கூடப் பாடியது, ஒரு வரி பிசகாமல். பத்தாவது பாட்டு முடிவதற்குள் பக்கத்து ஊர்க்காரர்கள் தேதி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

இப்போதைய நிலவரம்: புதுப் பாட்டு எதுவானாலும் இணையத்தில் முழுசாகப் போடச் சொல்கிறார் அத்தை. பாட்டு இலவசம், அவர் நேரில் வந்து பாடுவதற்குத்தான் கட்டணம். மாதம் நாலு மேடையாவது கிடைக்கிறது. விற்காத சி.டி. பெட்டிகள் என் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. வீட்டில் யார் என்னிடம் எந்த ரகசியத்தைச் சொன்னாலும், "நெட்டுல ஏத்திப்போடாத அம்மணி" என்றுதான் முடிக்கிறார்கள்.