தெரியாத கட்டளைக்குத் தலையாட்டிய கதை

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அக்காவின் முழங்கால் வலியும் உங்கள் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு நாங்கள் வராததற்குக் காரணம் என் தலை. வலியெல்லாம் ஒன்றுமில்லை, அது ஆடியதுதான் தப்பு.

என் மகள், அதுதான் உங்கள் மருமகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் அல்லவா, அவளுக்குக் காப்பி கொண்டுபோனேன். திரையில் இருந்த அவளுடைய மேலதிகாரி என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். பத்தாம் வகுப்பை இரண்டு முறை எழுதிய நான் திருதிருவென்று விழிக்கலாமா? "எஸ், எஸ்" என்று நன்றாகத் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமையும் மகளைக் கொஞ்சம் வேலை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாராம் மனுஷன்!

"நான் திருத்திட்டிருக்கிற டிரைவரும் நீங்களும் ஒரே அச்சுப்பா" என்றாள் மகள். கம்ப்யூட்டர் சொல்வதை டிஸ்க்குகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயராம். தனக்குத் தெரியாத கட்டளை வந்தால் இது ஒன்றும் செய்யாமலே "ஆச்சு" என்று பதில் அனுப்பிவிடுமாம். யாரோ ஒரு புகைப்படக்காரர், படங்கள் டிஸ்க்கில் பதிந்துவிட்டதாக அதை நம்பி மின்சாரத்தை அணைத்திருக்கிறார், படமெல்லாம் போயே போச்சு.

"அதுக்கு நீ என்னம்மா பண்றே?"

"தெரியலைன்னா உடனே தெரியலைன்னு சொல்ல வைக்கிறேன். சொல்லிட்டா கட்டளை போட்ட கம்ப்யூட்டர் வேற வழி பார்த்துக்கும்ல?"

சுருக்கென்று தைத்தது, அத்தான். மோட்டார் காயில் கட்டுகிற என் கடையில் "முடிச்சிடலாம் சார்" என்று வாங்கிவைத்த விநோத இயந்திரங்கள்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறது. மறுநாள் ஒருவர் ஏதோ மசாஜ் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வர, "இது எனக்குத் தெரியாது சார்" என்றேன். அவர் வெளியே போய்ப் பெயர்ப்பலகையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார்! சாயங்காலம் உங்கள் தங்கச்சி, "மாடியில துணி எடுத்தாச்சா?" என்றாள். வழக்கமாக "ஆச்சு ஆச்சு" என்பேன். அன்று, "எந்தத் துணி? தெரியாதே" என்றேன்.

"கல்யாணமாகி இன்னைக்குத்தான் வாயில உண்மை வருது. என்ன பிரயோஜனம், மழையில துணி நனைஞ்சுடுச்சே!"

மகளின் திருத்தத்தை ஆபீஸில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். என் திருத்தமும் நிலைத்துவிட்டது. வருகிற ஞாயிறு நிச்சயம் வருகிறோம், இனி இந்தத் தலை தானாக ஆடாது. அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள், உங்களுக்கு மறுபடி ஒரு பெரிய வணக்கம்.

இப்படிக்கு,
திருந்திய மைத்துனன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தத் திருத்தத்தைப் பார்த்துவிட்டு, கடல் தாண்டியிருக்கிற தலைமை ஆபீஸுக்கே கூப்பிடுகிறார்களாம். ஞாயிறு புறப்பாடு, அதனால் நீங்கள்தான் இங்கே வர வேண்டியிருக்கும்.

"மூணு வருஷம்ப்பா. நான் இல்லாம இருந்துப்பீங்கல்ல?" என்றாள்.

"ஓ, தாராளமா!" என்றேன். தலையும் நன்றாக ஆடியது.

"தெரியலையேம்மா" என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும், அத்தான்.