கும்பிடு வைத்தியம்

எக்ஸ்ரே, ஸ்கேன் என்று உலகம் பணத்தைக் கொட்டிக்கொண்டிருக்க, கரண்டுச் செலவுகூட இல்லாமல் ஒரு தோள்பட்டைக்குள் என்ன நடக்கிறது என்று கண்டுபிடிக்கும் வித்தை புதுச்சேரியில்தான் பிறந்தது. காயம்பட்ட தொழிலாளர்களைச் சோதிக்கும் மருத்துவக் குழுவின் தலைவர் டாக்டர் புருஷோத்தமனுக்கு இதற்காகவே கடற்கரையில் சிலை வைக்கலாம். ஏற்கெனவே நிற்பவர்கள் கொஞ்சம் நகர்ந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மகத்தான ஆராய்ச்சிக்குத் தோள் கொடுத்தவன் முதலியார்பேட்டை அம்மாவாசை. பிளாஸ்டிக் நாற்காலிக் கம்பெனியில் இரும்பு அச்சு ஒன்று அவன் வலது தோளில் விழுந்ததிலிருந்து கை இடுப்புக்கு மேல் எழவில்லை. "சிகிச்சையை நிறுத்தக் கூடாது, பாரம் தூக்கவே கூடாது" என்று பிசியோதெரபி டாக்டர் சுடர்விழி எழுதிக் கொடுத்திருந்தார். குழு ஒப்புக்கொண்டால் சிகிச்சையும் விடுப்புச் சம்பளமும் தொடரும். இல்லாவிட்டால் மறுநாளே கம்பெனியில் மூட்டை தூக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு ஷார்ல், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். இப்படிப்பட்ட குழுக்களில் கரை கண்டவர்.

"உள்ள போனதும் கும்பிடுறேன்னு கையத் தூக்கித் தொலைக்காத. 'போன்ழூர் முசியே'ன்னு பிரெஞ்சுல வாயால வணக்கம் சொல்லு, போதும்."

"அவங்களுக்குப் புரியுமாண்ணே?"

"புரியலன்னா இன்னும் மரியாதையா இருக்கும்டா."

அம்மாவாசை அப்படியே செய்தான். கைகள் தொடையோடு ஒட்டியிருக்க, "போன்ழூர் முசியே" என்றான். புருஷோத்தமன் கோப்பைத் தொடவே இல்லை.

"ஐயாவுக்குக் கும்பிடு போடுய்யா!" என்று பியூன் விலாவில் இடித்தார்.

பிறவிப் பழக்கம் சும்மா விடுமா? அம்மாவாசை இடது கையால் வலது கையைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சுவரை இழுத்துச் சேர்த்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

புருஷோத்தமன் நெகிழ்ந்துபோனார். "பாவம், நன்றியில அழுவுறான். கை அருமையா வருதே!" கோப்பைத் திறக்கும் சிரமத்தைக்கூட அதற்குக் கொடுக்காமல், மேலட்டையிலேயே 'பூரண குணம்' என்று எழுதினார்.

மறுநாள் கம்பெனி மேஸ்திரி ஹரிகிருஷ்ணன் ஒரு மூட்டையைக் காட்டினார். தோள் சம்மதிக்கவில்லை.

"கை வராத ஆள வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? இன்னும் சரியாவலன்னு எழுதி வாங்கினு வா, போ."

மறுபடியும் குழு. இந்தத் தடவை அம்மாவாசை உஷாராகிவிட்டான். பியூன் எவ்வளவு இடித்தும் கை அசையவில்லை.

"திமிரப் பாத்தீங்களா?" என்றார் புருஷோத்தமன். "போன வாரம் கும்பிட்டவன், காரியம் ஆனதும் மறந்துட்டான்."

"ஐயோ, திமிர் இல்லீங்க. கை வரல. மூட்டை தூக்க முடியல. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க ஐயா."

"அப்ப கும்பிடணும்னு மனசு இருக்கு?"

"இருக்குதுங்க."

"பின்ன என்ன? ஒத்தாசை பண்ணுய்யா," என்று பியூனுக்குக் கண்ணைக் காட்டினார்.

பியூன் அவன் வலது கையைப் பிடித்துத் தூக்கி, இடது கையோடு சேர்த்து வைத்தார். அம்மாவாசை போட்ட கூச்சல் தெருமுனை டீக்கடைவரை கேட்டது. 'பூரண குணம்' இரண்டாம் முறையாக உறுதி செய்யப்பட்டது.

தொழிலாளியின் கை எங்கே இருக்க வேண்டுமோ, அங்கே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கைக்கு அரசுச் செலவில் நடந்த கடைசிச் சிகிச்சை அதுதான்.