முருகனைக் குடிவைத்த அடுப்பு

பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள் என்றால், ஊரில் எல்லோரும் இல்லாததை இருப்பதாகக் காட்டுவார்கள். நான் இருந்ததை இல்லையென்று காட்டக் கிளம்பினேன். என் சாமர்த்தியம் அப்படி.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் எங்கள் வீட்டுக்காரர் கணக்கு எழுதும் ரைட்டர். குடியிருக்கக் கொடுத்தது, வெள்ளைக்காரத் துரை கட்டிய பழைய பங்களா. ஹால் சுவரில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குக் கரி பிடித்த பொந்து ஒன்று. துரை குளிர்காயக் கட்டிய அடுப்பாம். நாங்கள் ஒரு நாளும் அதில் நெருப்பு மூட்டியதில்லை. எங்கள் கோழி அதில் அடைகாத்தது. அந்தப் பங்களாவில் துரை மாதிரி வாழ்ந்தது அது ஒன்றுதான்.

மகன் செல்வராஜுக்குப் பெண் தேடி அலைந்த காலம். மலைக்குப் பெண் கொடுக்கச் சேலத்தில் யாருக்கும் மனம் வரவில்லை. குளிராம், அட்டைப்பூச்சியாம். கடைசியில் ஒரே ஒரு குடும்பம் வீடு பார்க்க வருகிறோம் என்றது. இதுவும் தட்டிப்போனால் பையனுக்குக் கல்யாணம் என்ற பேச்சையே மறந்துவிட வேண்டியதுதான்.

அப்போதுதான் அந்தப் பொந்து என் கண்ணை உறுத்தியது. எங்கள் பக்கம் ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு இருந்தால் குடும்பம் பிரிந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏனுங்க, மாமனாரும் மாமியாரும் தனித்தனியாப் பொங்கித் திங்கறாங்கன்னு நெனச்சுக்குவாங்களே!" என்றேன்.

"ஏம்புள்ள, ஹாலுக்குள்ள எவ பொங்குவா? குளிர்காயற அடுப்புன்னு சொன்னாப் போச்சு" என்றார் வீட்டுக்காரர்.

(ஆண்களுக்கு எல்லாமே சொன்னால் போச்சு.)

நான் சொல்கிற ஆள் இல்லை, செய்கிற ஆள். பொந்துக்கு உள்ளே சுண்ணாம்பு அடித்தேன். சுற்றிலும் கலர்க் காகிதத் தோரணம், பிளாஸ்டிக் பூமாலை. நடுவில் பெரிய முருகன் படம். மேலே புகைபோக்கி வழியாகக் காற்று இறங்கித் தோரணத்தைப் பிய்த்தது. விடுவேனா? கோணிச்சாக்குகளைச் சுருட்டி அதன் தொண்டையில் திணித்தேன். (படிப்புதான் எனக்கு வரவில்லை. அறிவு தேவைக்கு மேலேயே வந்திருந்தது.)

பெண்ணின் அப்பாவும் அம்மாவும் பஸ்ஸை விட்டு இறங்கி, பனிமூட்டத்தில் நடுங்கிக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். அம்மா மாம்பழக் கலர்ப் பட்டுச்சேலையில் இருந்தார். ஹாலுக்குள் கால் வைத்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அட முருகா! ஊட்டுக்குள்ளயே கோயிலுங்களா!"

நான் பூரித்துப் போனேன்.

"ஒரு சூடம் பொருத்துங்க, கும்பிட்டுக்கறேன்."

பூரிப்பு நின்றது. நெருப்பு எரிப்பதற்கென்றே கட்டிய இடத்தில் நெருப்பு வைக்கக் கூடாது என்று எப்படிச் சொல்வது? பொருத்தினேன். அந்த அம்மா கண்ணை மூடிக் கைகூப்பினார்.

தோரணத்தில் முதலில் தீப்பிடித்தது. அது போய்ச் சாக்கைத் தொட்டது. மேலே போக வழியில்லாத புகை மொத்தமும் ஹாலுக்குள் வந்தது. செல்வராஜ் பாய்ந்து முருகனைக் காப்பாற்றினான். எங்களைக் காப்பாற்ற வேண்டியது முருகன் பொறுப்பு. பெண்ணின் அப்பா, "தள்ளுங்க, தள்ளுங்க" என்று தன் குடைக் கொக்கியைச் சாக்கில் மாட்டி ஓர் இழு இழுத்தார்.

துரை காலத்துக் கரி அத்தனையும், கூடவே ஒரு குருவிக்கூடும், இறங்கி வந்தன. போதாதென்று செல்வராஜ் ஒரு குடம் தண்ணீரை வீசினான். தணல் அணைந்தது. மாம்பழக் கலர் போன இடம் தெரியவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே இருக்க, கரிக்கு நடுவில் இரண்டு கண்கள் மட்டும் திறந்தன.

"இது அடுப்புங்களா?" என்றார் அந்த அம்மா.

"இல்லீங்க" என்றேன் நான், தலையிலிருந்து கரியைத் தட்டிக்கொண்டே.

"குளிர்காயற அடுப்புங்க" என்று வீட்டுக்காரர் மானத்தை வாங்கினார்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏனுங்க, பஸ்ஸ விட்டு எறங்குனதுலருந்து எனக்குப் பல்லு கிட்டுது. எங்கண்ணு இந்தக் குளிருல எப்படிப் பொழைக்கும், வேண்டாம்னு சொல்லிட்டுப் போயரலாம்னுதான் இருந்தேன். இத்தாப்பெரிய அடுப்ப வெச்சுக்கிட்டு எதுக்குங்க மூடி மறைச்சீங்க? மூட்டுங்க!"

காப்பி விறகை அடுக்கி மூட்டினோம். அடைப்பும் கரியும் போன புகைபோக்கி, புகையை ஒழுங்காக இழுத்துக்கொண்டு போனது. என் சேலையைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் சப்பணமிட்டு உட்கார்ந்த அந்த அம்மா, இரண்டாவது டம்ளர் காப்பியில் பெண்ணைத் தருவதாக வாக்குக் கொடுத்தார்.

இன்றைக்கும் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே நின்றுவிடுவார். "உள்ள வரலாமுங்களா சம்பந்தி? இல்ல, இன்னைக்கும் சாமி கும்பிடோணுமுங்களா?" மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பேரப்பிள்ளைகள், நேரில் பார்த்தவர்கள் போல, கரி விழுந்த கதையை முதலிலிருந்து சொல்வார்கள்.

அன்று சம்பந்தியம்மா கட்டிக்கொண்டு போனது என் புதுச் சின்னாளப்பட்டிச் சேலை. இன்னும் திரும்பி வரவில்லை. அந்தக் கதையை மட்டும் யாரும் சொல்வதில்லை.