நிச்சயத் தட்டில் ஆந்தை

எதையாவது சேகரிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. தன் கண்ணுக்கு அழகாகத் தெரிவது ஊருக்கே அழகு என்று நம்புவான். எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. நான் சேர்ப்பது பதக்கங்கள். ஓடி ஜெயித்து வாங்கியவை அல்ல (பஸ்சைப் பிடிக்க ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும்). பழைய கிரேக்க நாணயங்களின் சாயலில் இந்தக் காலச் சிற்பிகள் செய்யும் வெள்ளிப் பதக்கங்கள். வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைப்பேன்.

போடியில் எங்கள் வீட்டில் தங்கை செல்விக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் மலைமேல் போடிமெட்டில் ஏலத்தோட்டக்காரர்கள். வெகுநாள் தட்டிப் போய்க் கடைசியில் அமைந்த சம்பந்தம்.

"தட்டுல லட்சுமி போட்ட வெள்ளிக்காசு ஒண்ணு வைடா, போதும்" என்றார் அம்மா.

லட்சுமி எல்லார் வீட்டுத் தட்டிலும்தான் இருக்கிறாள். நான் கலை தெரிந்தவன் அல்லவா? என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான பதக்கத்தை வெற்றிலை பாக்குக்கு நடுவே வைத்தேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமா தட்டைக் குனிந்து பார்த்தார். முகம் மாறியது.

"என்னப்பு இது, ஆந்தையா?"

"ஆமாங்க. கிரேக்கத்துல ஆந்தைன்னா அறிவுங்க."

"இது போடிப்பா! நல்ல காரியத்துல ஆந்தையக் கொண்டாந்து வைக்கிறியே!"

செல்வியின் கண் கலங்கிவிட்டது. நான் பதறிப்போய், "மறுபக்கம் பாருங்க, நல்லாருக்கும்" என்று திருப்பி வைத்தேன்.

மறுபக்கம் ஓட்டப்பந்தய வீரன். கிரேக்க வழக்கப்படி, உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல். எத்தனையோ தடவை ரசித்தவன்தான் நான். ரசித்த கண்ணுக்கு அது உறைக்கவே இல்லை. அப்போது உறைத்தது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தங்கையின் கல்யாணத்தை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று உடம்பெல்லாம் கூசியது.

தாய்மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். மாப்பிள்ளையின் அம்மா அவரைக் கையமர்த்தினார். ஒரு வெற்றிலையை எடுத்துப் பதக்கத்தின் மேல் போர்த்தினார்.

"பாவம், மெட்டுக் குளிருக்கு இப்படி வந்தான்னா வெறச்சிருவான். ஒக்காருண்ணே. வெரசா தட்ட மாத்துங்க, நல்ல நேரம் போகுதுல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தட்டு மாறியது. நான் பந்திக்குக்கூடப் போகாமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் நான் மெட்டுக்குப் போனால், செல்வியின் மாமியார் காப்பியோடு அந்தப் பதக்கத்தையும் கொண்டுவருவார். அதற்குச் சிவப்புக் கம்பளியில் ஒரு சட்டை பின்னிப் போட்டிருக்கிறார். "ஒங்க ஆளு சளி கிளி இல்லாம நல்லாருக்கான் தம்பி" என்பார். நான் தலையைக் குனிந்தபடி காப்பியைக் குடிப்பேன்.

போன வாரம் தன் வளைகாப்புக்கு அழைக்கச் செல்வி போன் செய்தாள். "என்ன கொண்டு வரட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம்ணே. நீ வெறுங்கையோட வா."