ஷட்டர் சாராத மடை

காகிதத்தை ஒழிப்பதென்று ஓர் அலுவலகம் முடிவு செய்தால், அதை எல்லோருக்கும் தெரிவிக்க முதலில் நிறையக் காகிதம் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தில், பெயரைச் சொன்னால் யாருக்காவது மாறுதல் ஆணை வந்துவிடும் என்பதால் பெயர் சொல்லாமல் விடப்படுகிற ஓர் ஒன்றிய அலுவலகத்தில், அந்தச் சுற்றறிக்கை கட்டுக்கட்டாக வந்து இறங்கியது. இனி எந்தக் கோரிக்கையும் மனுவாக ஏற்கப்படாது, ஸ்லைடாக மட்டுமே ஏற்கப்படும் என்பது அதன் சாரம். கையெழுத்திட்டவர் பொறியாளர் குணசேகரன். அவர் அப்போதுதான் ஒரு மலைவாசஸ்தலத்தில் 'தாக்கம் தரும் விளக்கக்காட்சிகள்' என்ற பயிற்சியை முடித்துக்கொண்டு ஸ்வெட்டரும் கையுமாகத் திரும்பியிருந்தார்.

நரியன் கண்மாயின் மடை ஷட்டருக்கு இந்தச் சுற்றறிக்கை கிடைக்கவில்லை போலும். அது வழக்கம்போல, முன் அனுமதி இல்லாமல் உடைந்தது.

அந்தக் கண்மாய் ஓவர்சியர் ஜெகபர் சாதிக்கின் பொறுப்பில் இருந்தது. நல்ல மனிதர். வேலை நடக்க வேண்டும் என்று நினைப்பவர். அந்த ஒரு குறையைத் தவிர அலுவலகத்தில் அவர்மேல் வேறு புகார் கிடையாது. துருப்பிடித்த இரும்புப் பலகை பாதியில் முறிந்து, கண்மாயில் சேர்கிற தண்ணீர் சேரச் சேர ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் மண் மூட்டைகளைப் போட்டு ஏதோ தடுத்து வைத்திருந்தார்கள். ஐப்பசி மழைக்குள் புது ஷட்டர் மாட்டினால் கண்மாய் பெருகும், ஒரு போகம் நெல் வீடு வந்து சேரும். மாட்டாவிட்டால் அதை நம்பியிருக்கிற வயல் அத்தனையும் தரிசுதான். பாசன சங்கத் தலைவி பிச்சையம்மாள் இதைச் சொல்வதற்காகவே பஸ் ஏறி வந்து போய்க்கொண்டிருந்தார். அவர் ஏற்கெனவே நாற்று விட்டிருந்தார்.

ஜெகபர் சாதிக் உடைந்த ஷட்டரைப் படம் எடுத்தார். அதற்குக் கீழே 'ஷட்டர் உடைந்துவிட்டது, மடை ஒழுகுகிறது, புதியது வேண்டும்' என்று தட்டச்சு செய்து, அதுதான் ஸ்லைடு என்று நினைத்துக்கொண்டு பொறியாளரிடம் போனார். பாவம்.

குணசேகரன் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"ஏன் சாதிக் இவ்வளவு சோகமா இருக்கு?"

"ஒடஞ்சிருக்கு சார்."

"பாக்குறவங்களுக்கு நம்பிக்கை வர்ற மாதிரி ஒடஞ்சிருக்கணும். இதென்ன, ஒழுகுதுன்னு போட்டிருக்கீங்க. தண்ணி வருதா இல்லையா?"

"வருது சார்."

"அப்ப வருதுன்னு போடுங்க."

பிறகு பயிற்சியில் கற்ற நெறிமுறைகளை அவர் எடுத்துரைத்தார். ஸ்லைடில் எதிர்மறைச் சொல் தலைகாட்டக் கூடாது. வரிகள் சுருக்கமாக, புள்ளி வைத்து நிற்க வேண்டும். மொத்தம் பத்து ஸ்லைடுதான். முதலாவது தலைப்புக்கு, கடைசி நன்றிக்கு. நன்றி ஸ்லைடில் பூ இருப்பது விரும்பத்தக்கது.

ஜெகபர் சாதிக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் காவ்யாவிடம் சரணடைந்தார். அந்தப் பெண் கெட்டிக்காரி. செயற்கை நுண்ணறிவிடம் 'ஒரு கண்மாய், ஒரு மடை' என்று கேட்டாள். அது பனிமலை அடிவாரத்தில் ஓர் ஏரியும், கரையில் ஊசியிலை மரங்களும், நடுவில் இரண்டு அன்னங்களும் கொடுத்தது. நம்ம கண்மாயில் நாரையும் கருவேலமரமும்தானே என்று ஜெகபர் சாதிக் தயங்கினார். பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, இதுதான் கண்மாய், நாம் வைத்திருப்பதைத்தான் சரியாகப் பராமரிக்கவில்லை என்றார்.

அடுத்து வார்த்தைகள் திருந்தின. 'உடைந்த மடை' என்பது 'திறந்த மடை' ஆயிற்று. ஒழுகல், 'இருபத்துநான்கு மணி நேரத் தடையற்ற நீர் வழங்கல்' என்ற உயரத்துக்குப் போய்விட்டது. ஷட்டர் இல்லை என்பதை என்ன செய்வது என்றுதான் மூன்று பேரும் திணறினார்கள். கடைசியில் காவ்யா 'ஷட்டர் சாராத தொழில்நுட்பம்' என்று அடித்தாள். குணசேகரன் எழுந்து நின்று அவளுக்குக் கை கொடுத்தார்.

நியாயமாக ஜெகபர் சாதிக்குக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதற்குள் அவருக்கு ருசி கண்டுவிட்டது. எழுத்துகளைச் சுழன்று வரவைக்கவும், தண்ணீரைத் திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் பாயவைக்கவும் அவர் கற்றுக்கொண்டார். காரணங்களை அம்புக்குறிகளாலும் அம்புக்குறிகளை வட்டங்களாலும் விளக்கினார். மீன் வாங்கி வரச் சொன்ன மனைவி பவுசியாவிடம், அதை மூன்று பாயிண்டாகச் சொல்ல முடியுமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். எது எப்படியோ, 'புதிய ஷட்டர் வேண்டும்' என்ற ஸ்லைடை மட்டும் அவர் விடாமல் வைத்திருந்தார். அதோடு சேர்த்துப் பதினோரு ஸ்லைடு ஆகிவிட்டது. பத்துக்கு மேல் கூடாதென்பதால் ஒன்றை எடுக்க வேண்டி வந்தபோது, நன்றியை எடுப்பது மரியாதையில்லை என்று பொறியாளர் கருதினார்.

புதுக்கோட்டையில் ஆய்வுக் கூட்டம் நடந்தது. ஏ.சி. போட்ட அறை, முந்திரிப் பருப்பு, வரிசையாக மேலதிகாரிகள். திரையில் அன்னங்கள் நீந்தின. தண்ணீர் பாய்ந்தது. எழுத்துகள் சுழன்று வந்து அடக்கமாக உட்கார்ந்தன. பெரிய அதிகாரி முன்னால் சாய்ந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"இந்த மடைக்குப் பராமரிப்புச் செலவு எவ்வளவு?"

"செலவே இல்லை சார்," என்றார் ஜெகபர் சாதிக். அது உண்மை.

"திறந்து மூட ஆள்?"

"தேவைப்படலை சார்."

"பழுதாக வாய்ப்பு இருக்கா?"

"இனிமே இல்லை சார்."

ஒரு பொய் கூட அவர் சொல்லவில்லை. மேற்கொண்டு ஒரு வார்த்தை சொல்லலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் ரோஜாப்பூவோடு நன்றி வந்துவிட்டது, எல்லோரும் கைதட்டிவிட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து தட்டினார்.

ஆணை உடனே வந்தது. நரியன் கண்மாய் முன்மாதிரிக் கண்மாயாக அறிவிக்கப்படுகிறது. தடையற்ற வழங்கலுக்கு இடையூறாக மடையில் கிடக்கும் மண் மூட்டைகள் அகற்றப்பட வேண்டும். அண்டைக் கண்மாய்களில் நல்ல நிலையில் உள்ள ஷட்டர்கள் படிப்படியாகக் கழற்றப்பட்டு, ஷட்டர் சாராத தொழில்நுட்பம் விரிவுபடுத்தப்பட வேண்டும். மூட்டைகளை அகற்ற மட்டும் ஆட்கள் அன்றைக்கே வந்தார்கள். அவ்வளவு சுறுசுறுப்பாக அந்த ஒன்றியத்தில் வேறெந்த வேலையும் நடந்து யாரும் பார்த்ததில்லை.

பிச்சையம்மாள் அலுவலகத்துக்கு வந்த வேகத்தில் வாசல் காவலர் எழுந்து வழிவிட்டார். ஜெகபர் சாதிக்கின் மேசைக்கு முன்னால் நின்று, இருந்த மூட்டையையும் எடுத்துட்டீங்களே, நீங்கள்லாம் சோறுதான் திங்கிறீங்களா என்று கேட்டார். ஜெகபர் சாதிக்குக்குத் தலை நிமிரவில்லை. வெட்கமாக இருந்தது. நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பிச்சையம்மாள் கேட்டு முடித்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"சரி தம்பி. பக்கத்துக் கண்மாயில கழட்டுறாங்கள்ல, அந்த ஷட்டர எங்க மடையில மாட்டுங்க. உங்களுக்கும் செலவில்ல."

இவ்வளவு தெளிவான யோசனை அந்தக் கட்டடத்துக்குள் அதற்கு முன் நுழைந்ததில்லை. ஜெகபர் சாதிக் அவரைக் கையோடு பொறியாளரிடம் அழைத்துப் போனார். ஸ்லைடில் சொன்னது தப்பு சார், ஷட்டர் ஒடஞ்சுதான் போச்சு, மழை வர்றதுக்குள்ள மாட்டணும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். வேலை போனாலும் போகட்டும் என்ற முடிவில் இருந்தார்.

குணசேகரன் கோபப்படவே இல்லை. இருவரையும் உட்காரச் சொன்னார்.

"உண்மையச் சொல்லக் கூடாதுன்னு நான் எப்பச் சொன்னேன் சாதிக்? தாராளமாச் சொல்லுங்க. ஸ்லைடு போட்டுச் சொல்லுங்க. இன்னைக்கே பாத்துக் கையெழுத்துப் போட்டுர்றேன்."

அவர் சொன்னதைச் செய்கிற மனிதர்தான். ஜெகபர் சாதிக் ஓடிவந்து காவ்யாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். பிச்சையம்மாள் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். வெளியே கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. ஐப்பசி இந்த வருஷம் ஏமாற்றாது என்று தெரிந்தது.

"என்ன அக்கா போடலாம்?"

"என்னத்தப் போடுறது. ஷட்டரு இல்ல, தண்ணி நிக்கல. அம்புட்டுத்தான்."

ஜெகபர் சாதிக் அப்படியே அடித்தார். வெள்ளைத் திரையில் கறுப்பு எழுத்தில் அந்த நாலு வார்த்தைகள் நின்றன. அத்தோடு எடுத்துக்கொண்டு போயிருந்தால் சாயங்காலமே ஷட்டரை மாட்டியிருப்பார்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள். ஜெகபர் சாதிக்கின் கை மவுசை விட்டு வரவில்லை. பிச்சையம்மாளும் தலையை அங்கிட்டும் இங்கிட்டும் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, மொட்டையா இருக்கே."

அதற்காகவே காத்திருந்தவர்போல ஜெகபர் சாதிக் பின்னணி நிறங்களைத் திறந்தார். பச்சை வைத்தார். பிச்சையம்மாள் அது பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்றார். நீலம் வைத்தார். கொஞ்சம் வெளுத்த நீலம் வந்தால் நல்லது என்றார். எழுத்து மேலிருந்து விழட்டுமா, பக்கத்திலிருந்து வரட்டுமா என்று இவர் கேட்டதற்கு, எல்லாத்தையும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க என்று ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

மழை ஓங்கி அடிக்கத் தொடங்கியது. பிச்சையம்மாளின் செல்போன் அடித்தது. ஊரிலிருந்து பங்காளி மகன் சந்தனம். கண்மாய்க்குத் தண்ணி திமுதிமுன்னு வருது சின்னாத்தா, வந்த வேகத்துல மடை வழியாப் போயிக்கிட்டிருக்கு, நாங்களே நாலு மூட்டையத் தூக்கிப் போட்டு அடைச்சுரவா என்று அவன் கத்தியது ஜெகபர் சாதிக்குக்கும் கேட்டது.

பிச்சையம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், போனைக் கையால் பொத்திக்கொண்டு, "அந்த ரெண்டாவது நீலத்த இன்னொருக்க வைங்க தம்பி," என்றார். பிறகு போனில் பேசினார்.

"செத்த பொறுடா. கலரு பாத்துக்கிட்டிருக்கோம்."