சேசிஸ் இல்லாத வண்டி

கார் பத்திரிகை படிப்பவன் பேச்சைக் கேட்டு யாரும் வண்டி வாங்காதீர்கள். அவன் பொய் சொல்லமாட்டான். சொல்வதெல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆபத்தே அதில்தான் இருக்கிறது.

அந்த ஆள் நான்தான். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்களில் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். சொந்தமாக இருந்தது ஒரு மொபெட். வாயில் மட்டும் நாலு சக்கரம் ஓடும்.

என் மனைவி கஸ்தூரியின் தம்பி தேசப்பன் நெட்டுக்குப்பத்தில் மீன் பிடிக்கிறவன். அவனிடம் ஒரு ஃபைபர் படகும் ஒரு பழைய டீசல் ஜீப்பும் இருந்தன. லாரிக்கு இருப்பதுபோல ஜீப்பின் அடியில் நீளமான இரும்புச் சட்டம், சேசிஸ் என்பார்கள். அதன்மேல் பாடியை உட்கார்த்தியிருப்பார்கள். ஐஸ் பெட்டி, வலை, மீன் எல்லாம் அதில்தான் போகும். கடல் சீறினால் படகை மணல்மேட்டுக்கு இழுத்துப் போடுவதும் அந்த ஜீப்தான்.

நான் அந்த ஜீப்பின்மேல் கண் வைத்தேன்.

"சேசிஸ் வண்டி லாரிக்குப் பொறந்தது மச்சான். பள்ளத்துல விழுந்தா மண்டை வரைக்கும் அதிரும். இப்ப வர்ற எஸ்யூவி எல்லாம் மோனோகாக். சட்டம் வேற, பாடி வேற கிடையாது, எல்லாம் ஒண்ணு. எடை கம்மி, டீசல் கம்மி. உங்க அக்கா ஸ்டூல் போடாம ஏறலாம்."

('மோனோகாக்' என்று சொல்லும்போது என் முகத்தில் ஒரு களை வரும். கஸ்தூரி சொல்லித்தான் எனக்கே தெரியும்.)

"இன்னா மாமா, அடில சட்டமே இல்லன்ற. அப்ப எது தாங்கும்?"

"மொத்த பாடியும் தாங்கும்."

படித்த மாமா சொல்கிறாரே என்று நம்பினான். ஜீப்பை விற்றான். அந்தப் பணத்தோடு என் சேமிப்பையும் போட்டு ஒரு செகண்ட்ஹேண்ட் எஸ்யூவி வாங்கினோம். இரண்டு குடும்பத்துக்கும் பொது என்று பேச்சு. ஆனால் உப்புக்காற்று ஆகாதென்று வண்டி காலடிப்பேட்டையில் என் வீட்டு வாசலிலேயே நின்றது. (காலடிப்பேட்டையில் மட்டும் ஊட்டிக் காற்றா அடிக்கிறது?) ஐஸ் பெட்டி ஏற்ற நான் விடவில்லை, சீட்டில் நாற்றம் ஏறிவிடுமாம். அவன் வாடகைக்கு மூன்று சக்கர மீன்பாடி வண்டி பிடித்து ஐஸ் கொண்டுபோனான்.

நாலு மாதம் ராஜவாழ்க்கை. கன்டெய்னர் லாரிகள் பிய்த்துப்போட்ட ரோட்டில் எங்கள் குழந்தை தூக்கம் கலையாமல் வந்தது. நான் சொன்ன அத்தனையும் சரியாக இருந்தது.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. காலையில் தேசப்பன் போன் செய்தான்.

"மாமா, கடலு பேஜாரா கீது. அவனவன் அவனவன் போட்டை மேல ஏத்திகினு கீறான். நம்ம போட்டு தண்ணி ஓரத்துல கீது. வண்டிய எடுத்துகினு வா மாமா."

இழுவைக்குச் சேசிஸ் வண்டிதான் லாயக்கு என்று அதே பத்திரிகையில் நான் படித்திருந்தேன். அவனிடம் பேசும்போது அந்தப் பத்தியை மட்டும் வசதியாக விட்டுவிட்டேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது கரையில் ஊரே நின்றுகொண்டிருந்தது. அத்தனை பேர் எதிரில் எப்படிச் சொல்வது?

தேசப்பன் மணலில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்தான்.

"கயித்த எதுல மாமா கட்றது?"

ஜீப் என்றால் சட்டத்தைச் சுற்றிக் கட்டுவான். இதில் சுற்ற ஒன்றுமே இல்லை. பின் பம்பருக்கு அடியில் விரல் தடிமனில் ஒரு வளையம் தெரிந்தது.

"அதுல கட்டு. கம்பெனிக்காரன் அதுக்குத்தானே வச்சிருக்கான்" என்றேன். (கப்பலில் வண்டியை ஏற்றும்போது கட்டிவைக்கும் வளையம் அது. வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அதைப் பிறகுதான் பிரித்தேன்.)

முதல் இழுப்பில் படகு நாலடி ஏறியது. பையன்கள் விசில் அடித்தார்கள். நான் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு ஆட்டினேன். எழுதும்போதே கூசுகிறது.

அடுத்த முறை ஓங்கி மிதித்தேன். தகரக் கூரையைப் பிய்ப்பதுபோல ஒரு சத்தம். வண்டி முன்னால் பாய்ந்தது. வளையமும் பம்பரும் அடித்தகரத்தில் ஒரு துண்டும் கயிற்றோடு பின்னால் நின்றுவிட்டன. படகு சறுக்கிக்கொண்டு தண்ணீருக்கே போனது. அடுத்த அலை அதைக் குறுக்கே திருப்பி, கடல் அரிப்பைத் தடுக்கப் போட்டிருந்த கருங்கற்களில் அறைந்தது. தேசப்பன் உள்ளே குதிக்கப் போனான். நாலு பேர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மூன்றாவது முறை அறைந்தபோது படகு இரண்டாகப் பிளந்தது.

"இன்னா நைனா, உன் வண்டி வாலு அந்துகிச்சே" என்றான் ஒருவன். சிலர் சிரித்தார்கள். நான் அறுந்த பம்பரைக் கையில் வைத்துக்கொண்டு முட்டாள்போல நின்றேன்.

தேசப்பனால் மறுபடி படகு வாங்க முடியவில்லை. அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் ஆளாகச் சேர்ந்து சாம்பல் அள்ளினான். இன்றைக்கும் இருமுகிறான். ஒரு வார்த்தை என்னைத் திட்டியதில்லை. திட்டியிருந்தால் நான் எப்போதோ நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

வீட்டு விசேஷம் எதுவானாலும் அவனே இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். எழுந்து நின்று நடித்துக் காட்டுவான். "மாமா கைய ஆட்டிகினே போறாரு, பம்பரு கயித்தோட பின்னாடி கீது!" பிள்ளைகள் தரையில் உருண்டு சிரிக்கும். நானும் சிரிப்பேன், வேறென்ன செய்ய?

போன மாதம் அவனுடைய சின்ன மகள் கேட்டாள்: "அப்பால போட்டு இன்னாச்சு நைனா?"

நான் என் தட்டைக் குனிந்து பார்த்தேன்.

"இன்னா ஆவும்? ஆளுங்க சேர்ந்து மேல தள்ளிட்டாங்கோ" என்றான் தேசப்பன். பிறகு பிரியாணி அண்டாவிலிருந்து நல்ல துண்டாக ஒன்று பார்த்து எடுத்து என் தட்டில் வைத்தான். "துண்ணு மாமா" என்றான்.