சர்வருக்குள் மூன்றாவது ஆள்

மெரெயோனி கப்பல் பயணிகளின் பெயர்களில் பாதியைத்தான் கணினியில் தட்டியிருந்தாள். திரை கறுத்துப் போயிற்று. வேறு யாரோ உள்ளே நுழைந்துவிட்டதாக ஒரு வரி மட்டும் மின்னியது.

ஜன்னலில் தலையை நீட்டிச் சரக்குக் கொட்டகையைப் பார்த்துக் கத்தினாள்.

"அபோலோசி! வெளிய வாடா! கப்பல் கிளம்பணும்!"

"என் சரக்கு மட்டும் நீந்தியா போகும்? அஞ்சு நிமிஷம், அக்கா!"

சவுசவு தீவுப் படகுத்துறையில் அந்தக் கப்பல் கம்பெனிக்கு இருந்தது ஒரே சர்வர். ஒருவர் நுழைந்தால் மற்றவர் வெளியே. தலைநகர் சூவாவில் இருக்கும் கணினி அதிகாரி அவினேஷிடம் முறையிட்டால் ஒரே பதில்தான்.

"ரெண்டு பேர் சேர்ந்து நுழைய கூடுதல் உரிமம் வாங்க மேலிடம் சம்மதிக்கல. கண்ட கோப்பையும் எடுத்து சர்வர்ல போட்டீங்க, வேலை போயிடும்!"

அன்று மெரெயோனிக்குப் பொறுமை போயிற்று. பல பேரை ஒரே நேரத்தில் உள்ளே விடும் என்று இணையத்தில் முகம் தெரியாத யாரோ எழுதிப் போட்டிருந்த கோப்பை இறக்கி, சர்வரின் அசல் கோப்பைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் வைத்தாள். இருவரும் ஒன்றாக உள்ளே போனார்கள்.

"உங்களுக்குச் சொர்க்கத்துல ஜன்னலோரம் இடம், அக்கா!" என்றான் அபோலோசி.

கொஞ்ச நேரத்தில் ஆன்டிவைரஸ் அந்தக் கோப்பைப் பிடித்து அடைத்துப் போட்டது. ஆன்டிவைரஸை அணைத்தாள். சர்வர் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பழைய கோப்பையே திரும்பக் கொண்டுவந்தது. புதுப்பித்தலையும் நிறுத்தி, மறுபடி வைத்தாள்.

இப்போது உள்ளே மூன்று பேர். மூன்றாவது ஆளுக்குப் பெயரே இல்லை, ஏதோ எண்கள்.

"டேய், நீ ரெண்டு தடவை நுழைஞ்சிருக்கியா?"

"ஒரு தடவை நுழையவே நீங்க விடறதில்லையே!"

"அப்போ திருடன்டா!"

வெளியே தள்ளினாள். வந்தான். மறுபடி தள்ளினாள். மறுபடியும் வந்தான். பதற்றத்தில் இருவருக்கும் பொதுவான பாஸ்வேர்டை மாற்றினாள். சர்வர் உடனே புதியதைக் கேட்டது. என்ன தட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளும் வெளியே, அபோலோசியும் வெளியே. திருடன் மட்டும் சௌகரியமாக உள்ளே இருந்தான்.

இணைய ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

துறையில் பாயும் சேப்பங்கிழங்கு மூட்டையுமாகச் சனம் முணுமுணுத்தது. "பயணிகள் பட்டியல் வராம கயிறை அவிழ்க்க மாட்டேன்!" என்று கப்பல் தலைவர் கத்தினார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவினேஷ்.

"ஆன்டிவைரஸ் ஏன் அணைஞ்சிருக்குன்னு பார்க்க வந்தா, யாரும்மா என்னைப் பிடிச்சுப் பிடிச்சு வெளிய தள்றது?"

மெரெயோனி அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்பித்தாள். அவர் திட்டிக்கொண்டே ஒயரைச் சொருகச் சொல்லி, புது பாஸ்வேர்ட் கொடுத்தார். பட்டியல் போயிற்று. கப்பலும் கிளம்பிற்று.

"அந்தக் கோப்பு எங்க கிடைச்சுது?" என்று உறுமினார்.

"'கடலாமை'ன்னு பேர் வச்சுக்கிட்டு எவனோ ஒருத்தன் போட்டிருந்தான், சார். இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன்."

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, ரகசியம் பேசுகிற குரலில் அவினேஷ் கேட்டார்:

"கீழ நன்றி சொல்ல ஒரு பொத்தான் வச்சிருந்தேனே, அதை அழுத்தினீங்களா?"